உப்பை இரண்டு முறை போட்ட ஜின்

உஸ்பெகிஸ்தானின் கோகந்த் நகரில் அந்த வாரம் சந்தையைவிட வைத்தியர் சைஃபுல்லாவின் முற்றத்தில்தான் கூட்டம். அறுபதைத் தாண்டியவர்களின் தலையில் ஒரு ஜின் ஏறி உட்கார்ந்துகொள்கிறதாம். ஒரு வேலையை விட்டு இன்னொன்றுக்குப் போகும்போது குறுக்கே காலை நீட்டுகிறதாம். அதை விரட்ட ஓதிய தண்ணீர், ஒரு பாட்டில் ஐம்பதாயிரம் சோம், அந்த ஊர்ப் பணத்தில். ஜின்னுக்குக் குழாய்த் தண்ணீர் ஆகாது போலும்.

துர்குன்பாய் மூன்று பாட்டில் குடித்துவிட்டார். நாற்பது வருடமாகக் கல்யாணங்களுக்குப் புலாவ் சமைக்கிறவர். போன மாதம் ஒரு கல்யாணத்தில் அண்டாவில் உப்பை இரண்டு தடவை போட்டுவிட்டார். நானூறு பேர் வெறும் தேநீரோடு எழுந்து போனார்கள். அந்த அவமானத்தில் மனிதர் பாதியாக இளைத்துவிட்டார். வரும் ஞாயிற்றுக்கிழமைக் கல்யாணத்துப் பெண்ணின் அப்பா யுல்தாஷ் கறாராகச் சொல்லிவிட்டார்: வைத்தியர் குணமென்று சொன்னால்தான் கரண்டி துர்குன்பாய் கையில்.

"கடலை காட்டினா கை தட்டணும், திராட்சை காட்டினா காதைத் தொடணும்" என்றார் வைத்தியர். மாற்றி மாற்றிக் காட்டினார். துர்குன்பாய் கடலைக்குக் காதைப் பிடித்தார். கூட்டம் உச்சுக் கொட்டியது. நாலாவது பாட்டில் உள்ளே போனது. இப்போது வரிசையாகப் பத்துக் கடலை, பிறகு பத்துத் திராட்சை. ஒரு பிழை இல்லை.

"ஜின் ஓடிருச்சு!"

துர்குன்பாயின் மனைவி சலாமத் எழுந்தார். "முன்னாடி கலந்து காட்டினீங்க. இப்ப ஏன் பிரிச்சுக் காட்டுறீங்க?"

"கலந்தா ஜின்னுக்குக் கோவம் வரும், தங்கச்சி."

"வரட்டும். எனக்கும்தான் வருது."

சலாமத் கடலையும் திராட்சையும் இருந்த தட்டைப் பிடுங்கித் தானே கலந்து காட்டினார். தாடியில் தண்ணீர் சொட்டச் சொட்டத் துர்குன்பாய் மறுபடி தடுமாறினார். அடுத்து, வரிசையில் நின்ற ஒரு கிழவரை இழுத்து வந்து பிரித்துக் காட்டினார். பாட்டிலைத் தொடாத மனிதர், பிசகாமல் செய்தார்.

"குடிச்சவர் தடுமாறுறார், குடிக்காதவர் சரியாச் செய்றார். அப்ப தண்ணி என்னத்தைக் கிழிச்சுது?"

வைத்தியருக்குத் திடீரென்று வெளியூரில் ஒரு சாவு நினைவுக்கு வந்தது. செருப்பைக்கூட மாட்டாமல் கிளம்பினார்.

"அப்ப உப்பு எப்படிண்ணே ரெண்டு தடவை விழுந்துச்சு?" என்றார் யுல்தாஷ்.

துர்குன்பாய் யோசித்தார். "உப்பு போடுற நேரத்துல மூணு பேர் வந்து பேசினாங்க. அதுல ஒருத்தர் நீங்க, தம்பி. வயசாச்சு. ஒண்ணை விட்டு ஒண்ணுக்குப் போக மூளைக்கு நேரமாகுது. சமையலை மறக்கல. உப்பு விழுற வரைக்கும் யாரும் என்கிட்ட வராதீங்க."

ஞாயிறன்று உப்பு விழும்வரை யாரும் அவர் பக்கம் போகவில்லை. விருந்து முடிந்தபோது அண்டா காலி. துர்குன்பாய் சந்தோஷத்தில் வெட்கப்படாமல் அழுதார்.

அதே நேரம் வைத்தியரின் பூட்டிய வாசலில் முப்பது வயது இளைஞன் ஒருவன் விசாரித்துக்கொண்டிருந்தான்: "மிச்ச பாட்டில் பாதி விலைக்குக் கிடைக்குமா?"

கிழட்டு மூளை மெதுவாகவாவது வேலை செய்கிறது, ஐயா. வாங்கிய நாளிலிருந்து பிரிக்காமலே வைத்திருக்கும் மூளைக்கு எந்தத் தண்ணீரைக் கொடுப்பது?