கடலில்லா ஊரில் கடல்நாய் வேட்டைக்காரர் நினைவுக்கல்

சிட்னியின் மேற்கே இருக்கிறது எங்கள் நகரசபை. பெயரைச் சொன்னால் வீட்டு வரியைக் கூட்டிவிடுவார்கள் என்பதால் சொல்லவில்லை. இங்கிருந்து கடலுக்குப் போக, வீதியில் நெரிசல் இல்லாவிட்டால் ஒரு மணித்தியாலம் ஆகும். நெரிசல் இல்லாத நாள் இன்னும் வரவில்லை. அப்படிப்பட்ட சபைதான், அந்தக் காலத்தில் தென்கடலுக்குக் கடல்நாய் வேட்டையாடப் போய் மூழ்கியவர்களுக்கு ஓர் அருங்காட்சியகமும் ஒரு நினைவுக்கல்லும் அமைப்பதென்று ஏகமனதாகத் தீர்மானித்தது.

காரணம் எளிது. கடலில் மறைந்தோரை நினைவுகூர அரசு பணம் ஒதுக்கியிருந்தது. ஜூன் முடிவதற்குள் செலவழிக்காவிட்டால் அது திரும்பிப் போய்விடும். திமிங்கில வேட்டைக்காரர், முத்துக் குளித்தவர், மாலுமிகள் என்று நல்ல நல்ல இறந்தவர்களையெல்லாம் கடற்கரைச் சபைகள் முந்திக்கொண்டு எடுத்துவிட்டன. எங்களுக்கு மிஞ்சியது கடல்நாய்க்காரர்தான்.

அருங்காட்சியகம் நூலகத்தின் ஒரு மூலையில், பழைய போட்டோகொப்பி இயந்திரம் நின்ற இடத்தில் திறக்கப்பட்டது. ஒரு துடுப்பு, ரப்பரில் செய்த ஒரு கடல்நாய், அமுக்கினால் அலைச்சத்தம் கேட்கும் பொத்தான் ஒன்று. கடல்நாய்களைக் கொன்றவர்களுக்கு மரியாதையா என்று சிலர் மனு அனுப்பவே, கடல்நாய்களிடம் மன்னிப்புக் கேட்கும் பலகை ஒன்றும் பக்கத்தில் வைக்கப்பட்டது. இரு தரப்பும் மனநிறைவு அடைந்ததாகச் சபை அறிவித்தது. கடல்நாய்கள் கருத்து எதுவும் தெரிவிக்கவில்லை.

கல்லில்தான் சிக்கல். விதிப்படி நினைவுக்கல் என்றால் இறந்தவர் ஒருவரின் பெயராவது அதில் இருக்க வேண்டும். எவ்வளவு தேடியும் சபைக்கு ஒரு வேட்டைக்காரரின் பெயரும் அகப்படவில்லை. ஆகவே, கடலில் மாண்டவர் எவரையேனும் அறிந்தோர் அறியத்தரவும் என்று நூலக வாசலில் அறிவித்தல் ஒட்டினார்கள்.

அதைப் பார்த்துவிட்டு வந்தவர் டொறத்தி அன்ரி. மன்னார் பேசாலைக்காரி. வெஸ்ட்மீட் ஆஸ்பத்திரியில் நோயாளிகளுக்குச் சாப்பாட்டு வண்டி தள்ளுகிறவர். அவருடைய தம்பி யோன் மீன் பிடிக்கப் போனவர், திரும்பவில்லை. உடல் கிடைக்காததால் கல்லறையும் இல்லை. பூ வைக்க ஓர் இடம், அதில் தம்பியின் பெயர், அன்ரிக்கு வேண்டியது அவ்வளவுதான். அதைக்கூட இத்தனை வருஷமாக ஒருவரும் அவருக்குக் கொடுக்கவில்லை என்பது எனக்கு இப்போதும் கவலை.

விசாரித்தவர் மெலனி, சபையின் நினைவுகூரல் ஒருங்கிணைப்பாளர். யாழ்ப்பாணத்துப் பெற்றோருக்கு இங்கே பிறந்த பிள்ளை. தமிழ் கொஞ்சம் தட்டுத்தடுமாறும், விதிகள் தண்ணீர் பட்ட பாடு.

“அன்ரி, உங்கட தம்பி சீல் பிடிச்சவரா?”

“இல்லைப் பிள்ளை. சூடை, பாரை மீன்தான். எங்கட கடலில கடல்நாய் இல்லை.”

“இருந்திருந்தா?”

அன்ரி யோசித்தார். யோன் கையில் அகப்பட்டதை விடுகிற ஆள் இல்லை.

“வலையில வந்தா விட்டிருக்கமாட்டான்.”

“ஓகே அன்ரி. அப்ப அவர் சான்ஸ் கிடைக்காத சீல் ஹன்டர்.”

இவ்வாறாக யோன், ‘வாய்ப்புக் கிட்டாத கடல்நாய் வேட்டைக்காரர்’ என்ற பிரிவின் கீழ் அங்கீகரிக்கப்பட்டார். அன்று பின்னேரம் அன்ரி அந்தோனியாருக்கு மெழுகுதிரி கொளுத்தினார்.

செய்தி தமிழ்ச் சங்கத் தலைவர் வரதராஜாவின் காதுக்கு எட்டியது. சபைக் கல்லில் ஒரு தமிழ்ப் பெயர், அதுவும் சங்கத்துக்குத் தெரியாமல். உடனே ஹரிஸ் பார்க் சாப்பாட்டுக் கடையில் அவசரக் கூட்டம். தோசை மேசைக்கு வருவதற்குள், கல்லுக்குச் சங்கம் பணம் கொடுத்து அனுசரணை வழங்குவதென்று முடிவாயிற்று. அனுசரணை என்றால் பெயர் போட வேண்டும். கோயிலுக்கு ரியூப் லைட் கொடுத்தாலே வெளிச்சம் தெரியாத அளவுக்கு உபயகாரர் பெயர் எழுதுகிற ஆட்கள் நாங்கள், கல்லைச் சும்மா விடுவோமா? தலைவர், செயலாளர், பொருளாளர், முன்னாள் தலைவர்கள், இனிமேல் முன்னாள் தலைவர்கள் ஆகப்போகிறவர்கள் எல்லாரும் ஏறினார்கள். சங்கத்தின் பெயர்களை மட்டும் பொறித்தால் பாரபட்சமாகிவிடும் என்று மேயரும் சபை உறுப்பினர்களும் சேர்ந்துகொண்டார்கள். கல் ஏற்கெனவே வாங்கியாகிவிட்டது. அது வளரவில்லை.

திறப்பு விழாவில் பொன்னாடைகள் போர்த்தி முடிந்து திரை விலகியது. அன்ரி கல்லை மேலிருந்து கீழாக வாசித்தார். திரும்பவும் வாசித்தார். பிறகு வரதராஜாவிடம் போய், தம்பியின் பெயர் எங்கே என்று கேட்டார்.

“இருக்குது அக்கா. கடைசி வரியைப் பாருங்கோ, ‘மற்றும் பலர்’. அதில முதல் ஆள் அவர்தான். விதிக்கு அது போதுமாம்.”

 அன்ரி கொண்டுவந்த பூவை அந்த வரிக்குக் கீழே வைத்துவிட்டு வேலைக்குப் போனார்.

நவம்பரில் மரித்தோர் திருநாள் வந்தது. அன்ரி கேட்டுக்கொண்டதால், புதிதாக வந்திருந்த தமிழ் ஃபாதர் ஒருவர் கல்லடியில் ஜெபிக்க வந்தார். இங்கே எவரையும் அறியாத மனிதர். படம் எடுப்பார்கள் என்பதால் சங்கமும் முழுதாக வந்தது. ஃபாதர் கல்லில் இருந்த பெயர்களை ஒவ்வொன்றாக வாசித்து, இறந்தவர்களுக்குச் சொல்லும் நித்திய இளைப்பாற்றி ஜெபத்தைச் சொன்னார். மேயருக்கு ஆமென். செயலாளருக்கு ஆமென். தன் பெயர் வாசிக்கப்பட்டதும் வரதராஜா மேடைப் பழக்கதோஷத்தில் கும்பிட்டுக்கொண்டு முன்னே வந்தார். பாதி வழியில்தான் விஷயம் புரிந்து அப்படியே நின்றுவிட்டார்.

இவ்வளவு பேரைக் கடல் கொண்டுபோய்விட்டதே என்று ஃபாதருக்குக் கண் கலங்கிவிட்டது. உறவினர்கள் முன்னே வரலாம் என்றார். அன்ரி மட்டும் வந்தார்.

“ஃபாதர், கடைசியா ‘மற்றும் பலர்’ எண்டு வாசிச்சீங்களே, அதில ஒருத்தன் என்ட தம்பி யோன். இந்தக் கல்லில இருக்கிறாக்களில செத்தவன் அவன் ஒருத்தன்தான். மற்றாக்கள் எல்லாரும் உங்களுக்குப் பின்னால நிக்கினம்.”

ஃபாதர் திரும்பிப் பார்த்தார். நாங்கள் கல்லைப் பார்த்தோம்.

வரதராஜா கெட்ட மனிதர் அல்ல. மறுநாளே மெலனியிடம் போய், தன் பெயரை எடுத்துவிட்டு யோனின் பெயரைப் போடச் சொல்லிக் கெஞ்சினார். பெயரைச் சேர்க்கலாம், எடுப்பது கஷ்டம் என்றார் மெலனி. எடுப்பதானால், சம்பந்தப்பட்டவர் கடலிலிருந்து உயிரோடு திரும்பியதை நிரூபிக்க வேண்டும். வரதராஜாவோ கடலுக்குப் போனதே இல்லை. ஆகவே அவர் கல்லிலேயே இருக்கிறார். யோனின் பெயர் எல்லாருக்கும் கீழே ஓர் ஓரத்தில் நெருக்கிப் பொறிக்கப்பட்டது. அன்ரி அதை விரலால் தடவிப் பார்த்து அழுதார். அழுதுகொண்டே, காணும், இவ்வளவு போதும் என்றார்.

அத்துடன் எங்களுக்குப் புத்தி வந்திருக்க வேண்டும். ஆனால் அந்தக் கல்லில் இடம் கிடைக்காத சங்க உறுப்பினர்கள் பலர் இருக்கிறோமே. இளைப்பாற்றி ஜெபம் சொன்னாலும் பரவாயில்லை, பெயர் வந்தால் சரி என்று இன்னொரு கல்லுக்கு விண்ணப்பித்தோம். சபையும் சம்மதித்துவிட்டது. உங்கள் குடும்பத்தில் யாராவது கடலில் இறந்திருந்தால் தயவுசெய்து அறியத்தரவும். அந்த ஒரு பெயர்தான் குறைகிறது, மற்றப் பெயர்களெல்லாம் தயார்.