செட்டியார்பட்டிக்குப் போன ஏணி

யோசிக்காமல் செயல்படுகிறவர்கள், "ஐயோ, யோசிக்காமப் பண்ணிட்டேனே" என்று ஒரு வார்த்தை சொல்லித் தப்பித்துக்கொள்கிறார்கள். யோசித்துச் செயல்படுகிறவர்களுக்கு அந்த வசதி கிடையாது. நான் இரண்டாவது வகை. விளைவுகளை எடைபோட்டுப் பார்க்காமல் ஒரு காரியத்தில் இறங்க மாட்டேன். என் நிச்சயதார்த்தத்தன்று பட்டுப்புடவையும் தலைகொள்ளாத பூவுமாக, வருங்கால மாமனாருக்குப் பக்கத்தில், தண்ணீர்த் தொட்டியைப் பிடித்துக்கொண்டு இறங்க வழியின்றி நான் நின்றதும் நன்றாக எடைபோட்டு எடுத்த முடிவின் பலன்தான்.

சமூகப் பணியில் முதுகலை முடித்து ராஜபாளையத்துக்குத் திரும்பியிருந்த நேரம் அது. கல்லூரியில் பொய்ச் செய்திகளுக்கு எதிரான மாணவர் குழு ஒன்றில் இருந்தேன். 'பகிரும் முன் சரிபார்ப்போம்' என்ற அட்டையைத் தூக்கிக்கொண்டு பேருந்து நிலையங்களில் வெயிலில் நின்றிருக்கிறேன். (அந்த அட்டையை வாங்கிச் சற்று நேரம் விசிறிக்கொண்டு, "நல்ல விசயந்தாம்மா" என்று திருப்பிக் கொடுத்தவர்களே அதிகம்.) ஆகவே சமுதாயத்தின் அறியாமையில் ஒரு கணிசமான பகுதி என் சொந்தப் பொறுப்பு என்று மனதார நம்பியிருந்தேன்.

எனக்குப் பேசி முடித்திருந்த மாப்பிள்ளை ஸ்ரீவில்லிபுத்தூர் மடவார் வளாகத்தைச் சேர்ந்தவர். பெயர் வைத்தியநாதன். (அந்தத் தெருக்களில் நின்று "வைத்தி" என்று கூப்பிட்டால் குறைந்தது நான்கு பேராவது திரும்பிப் பார்ப்பார்கள், சாமியின் பெயர் அது.) நிச்சயத்துக்கு முந்தைய வாரம் அவர் என்னைத் தங்கள் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சேர்த்தார். மறுநாள் காலை அதில் ஒரு ரோஜாப்பூ மலர்ந்தது. பூவின் கீழே காலை வணக்கம். வணக்கத்தின் கீழே, 'பூமி உருண்டை என்றால் கடல்நீர் ஏன் வழிந்து கொட்டவில்லை? சிந்திப்பீர்!' அனுப்பியவர் வைத்தியின் அப்பா, ஓய்வுபெற்ற பேருந்து ஓட்டுநர் சங்கரலிங்கம் மாமா.

உடனே வைத்தியைத் தொலைபேசியில் அழைத்தேன்.

"மாமா வெளாட்டுக்குத்தான அனுப்புதாங்க?"

"இல்ல கோமதி. அவிய நெசமாவே நம்புதாக. நாங்க யாரும் அந்தப் பேச்சுக்கே போறதில்ல. அப்பா ஆரம்பிச்சா அம்மா குக்கர் போடப் போயிருவா. நான் பைக்கைத் தொடைக்கப் போயிருவேன். என் பைக்கு எம்புட்டு பளபளன்னு இருக்குன்னு நீயே பாத்தேல்ல?"

பார்த்திருந்தேன். மாப்பிள்ளை சுத்தமானவர் என்று அம்மா அதை வைத்துத்தான் முடிவு செய்திருந்தார்.

அன்று இரவு விளைவுகளை எடைபோட்டேன். இன்று பூமி தட்டை என்பவர் நாளை தடுப்பூசி வேண்டாம் என்பார். நாளை மறுநாள் என் பிள்ளைக்கு அதைச் சொல்லிக் கொடுப்பார். ஒரு குடும்பத்தின் மூன்றாம் தலைமுறை என் மௌனத்தால் பாழாகும். மறுபக்கத் தட்டில், கல்யாணம் முடியும்வரை அப்பாவிடம் அதைப் பற்றிப் பேச வேண்டாம் என்ற வைத்தியின் கெஞ்சல் ஒன்றுதான் இருந்தது. மூன்றாம் தலைமுறை கனமாக இருந்தது.

நிச்சயதார்த்தம் வெள்ளிக்கிழமை, எங்கள் வீட்டு மொட்டைமாடியில். பத்தரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும். அதற்குள் தட்டு மாற்றிவிட வேண்டும். ஒன்பது மணிக்கு வரவேண்டிய மாப்பிள்ளை வீட்டார் எட்டுக்கே வந்துவிட்டார்கள். வேனில் ஓட்டுநருக்குப் பக்கத்து இருக்கையில் மாமா உட்கார்ந்திருந்தால் வேன் அப்படித்தான் வரும். மற்றவர்கள் கீழே காப்பி குடித்துக்கொண்டிருக்க, மாமா மட்டும் இடத்தைப் பார்வையிட மாடிக்கு வந்தார். மாடி அறையில் அலங்காரம் முடிந்து தனியாக உட்கார்ந்திருந்த எனக்கு, வெளியே அவர் என் அப்பாவிடம் கேட்டது தெளிவாகக் காதில் விழுந்தது.

"ஏன் மச்சான், இங்கேருந்து எங்க ஊரு கோபுரம் தெரியுமா?"

"மழை பெஞ்சு வெறிச்ச நாள்ல தொட்டிக்கிட்ட ஏறி நின்னா தெரியும் மச்சான்" என்றார் அப்பா. பிறகு சமையல்காரர் கூப்பிட்டார் என்று கீழே போய்விட்டார்.

எங்கள் தண்ணீர்த் தொட்டி, மாடிப்படி வந்து முடியும் சிறிய அறையின் கூரைமேல் இருக்கிறது. சீரியல் விளக்கு கட்டுவதற்காக, சவுண்டு சர்வீஸ் காதர் பாயின் ஆட்கள் அங்கே ஓர் ஏணியைச் சாத்தியிருந்தார்கள். உயரே ஏற ஏற, தூரத்துக் கோபுரத்தின் கீழ்ப்பகுதியும் தெரியவரும். பூமி வளைந்திருப்பதற்கு அதைவிட எளிய சான்று ஏது? பாடநூலில் கப்பலையும் பாய்மரத்தையும் வைத்து விளக்கியிருப்பார்கள். இங்கே கப்பலுக்குப் பதில் மாமாவின் சொந்த ஊர்க் கோபுரம். வாய்ப்பு தானாக வந்து ஏணி சாத்தி நிற்கிறது என்று எண்ணி, அறையை விட்டு வெளியே வந்தேன்.

"மாமா, பூமி தட்டைன்னா கோபுரம் இங்கேருந்தே அடியோட தெரியணும்ல?"

மாமாவின் முகம் மலர்ந்ததைச் சொல்லி மாளாது. அவரிடம் அந்தப் பேச்சைத் தானாகத் தொடங்கிய முதல் ஆள் நான் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

"தெரியும் தாயி! நடுவுல மரம் மட்டை இல்லாட்டி தெரியும். இந்த ரூட்டுல எத்தன வருசம் வண்டி ஓட்டுனேன்? ஏத்தம் எறக்கம் எல்லாம் பாலத்துல பாத்ததுதான். உருண்டைன்னா எங்கயாவது நான் பிரேக்கைப் புடிச்சிருக்கணும்ல?"

"மேல ஏறிப் பாத்துருவோமா மாமா?"

"பாத்துருவோம். அடி மறைஞ்சு நுனி மட்டும் தெரிஞ்சா நான் ஒத்துக்கிடுதேன். முழுசாத் தெரிஞ்சா, எங்கிட்ட இருக்க வீடியோ அம்புட்டையும் நீ பாக்கணும்."

முட்டுவலிக்காரர் என்றாலும் மாமா பிடிவாதமாக ஏறிவிட்டார். நான் புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பின்னால் ஏறினேன். வடகிழக்கே பார்த்தோம். ஒரு தென்னந்தோப்பு, அதற்கு அப்பால் பனிமூட்டம், மூட்டத்துக்குள் ஒரு செல்போன் கோபுரம். வேறெந்தக் கோபுரமும் தெரியவில்லை.

"செத்த நேரம் நிப்போம், வெயிலேற மூட்டம் வெலகிரும்" என்றார் மாமா. தொட்டியைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தோம். கையை நெற்றியில் வைத்துப் பார்த்தோம். திரும்பிப் பார்த்தபோது ஏணியைக் காணவில்லை.

விளக்கு கட்டி முடித்த ஆட்கள் ஏணியை எடுத்துப் போயிருந்தார்கள். கூப்பிடலாம். ஆனால் சத்தம் போட்டால் கீழே உள்ள இரண்டு குடும்பமும் வந்து, மணப்பெண் நிற்கும் இடத்தைப் பார்க்கும். யாராவது தனியாக மாடிக்கு வரட்டும், ரகசியமாக இறங்கிவிடலாம் என்று எடைபோட்டேன். மாமாவுக்கோ எந்த அவசரமும் இல்லை. ஓடிப்போக முடியாத ஒரு ஆள் அவருக்குக் கிடைத்திருந்தது. சட்டைப்பையிலிருந்து செல்போனை எடுத்தார். நான் சொன்னதற்காக வைத்திக்கு ஒரு முறை போட்டுப் பார்த்தார், அவருடைய போன் அணைந்திருந்தது.

"ஏணி வர்ற வரைக்கும் ஒண்ணே ஒண்ணு பாப்போமா தாயி?"

நான்கு பார்த்தோம். நான்காவது முடிந்ததும் பொறுக்கமுடியாமல் கேட்டேன். "மாமா, ஊரு உலகத்துல அம்புட்டுப் பேரும் உருண்டைன்னு சொல்லுதாக. நீங்க ஏன் இந்த ஆளை மட்டும் நம்புதீக?"

மாமா தொட்டியில் சாய்ந்துகொண்டார்.

"ஆறாப்பு படிக்கையில வாத்தியார் ஒரு உருண்டையக் கொண்டாந்து சுத்திக் காட்டுனாரு. நான் எந்திரிச்சு, 'சார், அடியில இருக்கவன் விழுந்துர மாட்டானா?'ன்னு கேட்டேன். கிளாஸே சிரிச்சுது. 'நீ விழுதியான்னு பாப்போம்'னு வாத்தியார் என்னைய பெஞ்சு மேல ஏத்தி விட்டாரு. சாயந்தரம் வரைக்கும் நின்னேன். அதுக்குப் பொறவு நான் எதையும் யார்ட்டயும் கேட்டதில்ல. டிரைவராப் போயிட்டேன். அங்க எல்லாரும் என்கிட்டத்தான் கேப்பாக, 'வண்டி எப்ப எடுப்பீக'ன்னு." சிரித்தார். "தல நரைச்ச பொறவு இந்த வீடியோவப் பாக்கேன். மொத வார்த்தையே, 'உங்கள் கேள்வி நியாயமான கேள்வி'ங்கான். எனக்குக் கண்ணுல தண்ணி வந்துட்டு தாயி."

நான் பை நிறையச் சான்றுகளோடு வந்திருந்தேன். அவற்றில் ஒன்றும் இதற்குப் பதில் அல்ல. அந்த வீடியோக்காரர் பூமியைப் பற்றிச் சொன்னது அத்தனையும் பொய். ஆனால் பெஞ்சு மேல் நின்ற பையனைக் கீழே இறக்கிவிட்ட முதல் ஆள் அவர்தான். மாமா நம்பியது அந்தக் கையைத்தான்.

"நியாயமான கேள்விதான் மாமா" என்றேன். "கீழங்கிறது ஒரு பக்கம் இல்ல. பூமிக்கு நடுவுலதான் கீழ. அடியில இருக்கவனுக்கும் அவன் கால் பக்கந்தான் கீழ. அவனைப் பூமி தன் பக்கமா இழுத்து வச்சிருக்கு."

மாமா குனிந்து தம் கால்களைப் பார்த்தார்.

"இத அன்னைக்கே சொல்லிருக்கலாம்ல அந்த வாத்தியார்?"

அந்த அருமையான தருணத்தில்தான் கீழேயிருந்து என் அம்மாவின் அலறல் கேட்டது. "பொண்ணக் காணோம்!" தொடர்ந்து வைத்தியின் அம்மா பேச்சியம்மாள் அத்தையின் குரல், "இவியளயும் காணோம்!"

இனி ஒளிந்திருப்பதில் பொருளில்லை. எட்டிப் பார்த்து, "அம்மா, இங்க இருக்கோம்" என்றேன். மாடி நிரம்பிவிட்டது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள்.

"ஏட்டி கோமதி! ஒன்னைய ரூமுக்குள்ள உக்காரத்தான சொன்னேன்?"

அப்பா காதர் பாய்க்கு போன் போட்டார். பாயின் குரல் எங்களுக்கே கேட்டது. "ஏணியா? அது செட்டியார்பட்டிக்குப் போயிருச்சே அண்ணாச்சி! அங்க ஒரு கல்யாண வீடு. இந்தா, இப்பவே திருப்பச் சொல்லுதேன்."

மணி பத்தைத் தாண்டியிருந்தது. மேசைமேல் நாற்காலி, நாற்காலிமேல் முக்காலி என்று ஒரு கட்டுமானம் எழுந்தது. மாமா அதையும் தம் முட்டியையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு மறுத்தார். "நான் ஒரு நாளும் வண்டியை லேட்டா எடுத்ததில்லயே" என்று முனகினார். கூட்டத்தில் யாரோ, "இப்பவே கூரை ஏறுதா, கல்யாணத்துக்குப் பொறவு எங்க ஏறுவாளோ" என்றது என் காதில் விழுந்தது. வைத்தி பரிதாபமாக என்னைப் பார்த்தார். (துடைக்க அங்கே பைக் இல்லை.) இந்தச் சம்பந்தம் இத்தோடு முடிந்தது என்று எனக்குத் தோன்றியது. மூன்றாம் தலைமுறையைக் காப்பாற்றப் போய், இரண்டாம் தலைமுறையையே தொடங்க விடாமல் செய்துவிட்டேன்.

பேச்சியம்மாள் அத்தை கூட்டத்தை விலக்கிக்கொண்டு முன்னால் வந்தார்.

"ஏத்தா, எப்ப ஏறுன?"

"எட்டரைக்கு, அத்தை."

"அப்பருந்து இவிய என்ன பேசிக்கிட்டிருந்தாக?"

"பூமியப் பத்தி, அத்தை."

"நீ கேட்டுக்கிட்டா இருந்த?"

"ஆமா, அத்தை."

அத்தை கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார். "நான் கட்டிட்டு வந்த நாள்லேருந்து இவிய பேச்ச இம்புட்டு நேரம் நின்னு கேட்ட ஆளு இந்தப் புள்ள ஒருத்திதான். இனி பொண்ணு பாக்க வேற எங்க போக? ஐயரே, வாசிங்க. தட்ட மேல தூக்கிக் குடுங்க!" (ஏணி இருந்திருந்தால் நானும் இரண்டாவது வீடியோவிலேயே இறங்கியிருப்பேன் என்பதை இன்றுவரை அத்தையிடம் சொல்லவில்லை.)

ஐயர் அண்ணாந்தபடியே லக்னப் பத்திரிகை வாசித்தார். அப்பா மேசைமேல் ஏறி, மாப்பிள்ளை வீட்டுத் தட்டை முதலில் மாமாவிடம் ஏற்றிவிட்டு, தம் தட்டை உயர்த்தினார். மாமா குனிந்து வாங்கினார். அவர் விழுந்துவிடாமல் நான் பின்னாலிருந்து அவருடைய வேட்டி மடிப்பைப் பிடித்துக்கொண்டேன். மாமாவின் தட்டு கீழே போகையில் சாய்ந்து, தேங்காய் விழுந்து, மாடி முழுக்க உருண்டோடி, வைத்தியின் காலில் முட்டி நின்றது.

என்னால் வாயை அடக்க முடியவில்லை. "பாத்தீகளா மாமா, உருண்டைன்னா உருளும்."

"அதத்தான நானும் சொல்லுதேன்! பூமி எங்க தாயி உருளுது?" என்றார் மாமா. பிறகு தட்டு மாறிவிட்டதை உறுதி செய்துகொண்டு, காலமெல்லாம் கண்டக்டர்களிடம் கேட்டுப் பழகியதை உரக்கச் சொன்னார்: "ரைட், போலாம்!"

ஏணி வந்து சேர்ந்தபோது ராகு காலம் பிறந்திருந்தது. இறங்குவது புதுக் காரியமா, பழைய காரியத்தின் தொடர்ச்சியா என்று பெரியவர்கள் விவாதித்தார்கள். மாமா பசிக்கிறது என்று இறங்கிவிட்டதால் அந்தக் கேள்விக்கு இன்றும் விடை இல்லை.

பிற்பாடு, நானும் பகிரும் முன் சரிபார்ப்போம் என்று ஒரு நாள் கணக்குப் போட்டுப் பார்த்தேன். எங்கள் தொட்டியின் உயரத்தில் நின்று பார்த்தால், இரண்டு ஊருக்கும் இடைப்பட்ட அந்தச் சிறிய தூரத்தில் பூமியின் வளைவு கோபுரத்தில் மறைக்கக்கூடியது ஏறக்குறைய ஒன்றுமே இல்லை. மூட்டம் மட்டும் விலகியிருந்தால் கோபுரம் மாமாவுக்கு முழுசாகத் தெரிந்திருக்கும். அத்தனை வீடியோவையும் நான் பார்த்துத் தீர்த்திருக்க வேண்டும். பூமி உருண்டை என்ற என் நம்பிக்கை சரியானதுதான். ஆனால் அதை நான் யாரிடமோ கேட்டு நம்பியிருந்தேனே தவிர, ஒருநாளும் அளந்து பார்த்ததில்லை. என்னிடம் சொன்ன ஆசிரியை நல்லவர். நான் கேள்வி கேட்டால் சிரித்தபடி பதில் சொல்வார். எனக்கும் மாமாவுக்கும் இருந்த வித்தியாசம் அவ்வளவுதான்.

கல்யாணச் சீரில் பித்தளைக் குடத்துக்குப் பக்கத்தில், மஞ்சள் குங்குமம் வைத்து ஓர் அலுமினிய ஏணியை அப்பா கொடுத்தார். அதைக் கேட்டு வாங்கியவர் அத்தை. இன்று எங்கள் குடும்ப விசேஷங்களில் யாரையாவது காணவில்லை என்றால், "செட்டியார்பட்டிக்கு ஆள் அனுப்புங்க" என்பார்கள். குழுவில் ரோஜாப்பூ இன்னும் மலர்கிறது. இப்போது அதன் கீழே 'சந்தேகங்களுக்கு மருமகளை அணுகவும்' என்றிருக்கிறது. மாமாவும் வெகுதூரம் வந்துவிட்டார். பூமி தட்டை இல்லையாம். இட்லி மாதிரியாம். முழு உருண்டைக்கு இன்னும் சில வருடங்கள் பிடிக்கும்.

மழை வெறித்த காலைகளில் மாமாவும் நானும் மடவார் வளாகத்து வீட்டுத் தொட்டிக்குப் பக்கத்தில் ஏறி, ராஜபாளையம் எவ்வளவு தெரிகிறது என்று பார்ப்போம். சில நாட்களில் வைத்தியும் ஏறி வருகிறார். (அவருடைய பைக்கில் இப்போது தூசி.) அத்தை மட்டும் மாறவில்லை. பேச்சு தொடங்கியதும் குக்கர் போடப் போய்விடுகிறார். போகும்போது ஏணியையும் எடுத்துக்கொண்டு, "சோறு வேகட்டும், அதுவரைக்கும் அங்கனயே பேசுங்க" என்று சொல்லிவிட்டுப் போகிறார்.