இடையிலை அம்மா வந்தாலும் வருவா

செவ்வாய்க்கிழமை, பிற்பகல் இரண்டு மணி எட்டு நிமிடம். தொலைக்காட்சிப் பெட்டியின் மேல் ஒரு வீடியோ கேசட் இருந்தது. லேபிளில் நீல மையால் ‘தமிழ்ப் படம் – பாகம் 2’ என்று எழுதியிருந்தது. நேரம் எப்படி இவ்வளவு சரியாகத் தெரியும் என்றால், அன்றே அதை ஒரு கொப்பியில் குறித்து வைத்தேன். அந்தக் கொப்பிதான் பிறகு என்னைக் காட்டிக்கொடுத்தது.

1989 மார்ச். லண்டன் ஈஸ்ட் ஹாமில் குணம் அண்ணையின் வீட்டு மேல் அறையில் வாடகைக்கு இருந்தேன். யாழ்ப்பாணத்தில் ஒரு நாளிதழில் ஆறு வருடம் உதவி ஆசிரியர்; இங்கே, பக்கத்து ஊரான பார்க்கிங்கில், ஒரு களஞ்சியத்தில் இரவு ஷிப்டில் பெட்டி அடுக்குபவன். பகலில் தூங்கியிருக்க வேண்டும். ஆனால் பிற்பகல்களில் தொலைக்காட்சியில் ஹொலிவூட்டின் பழைய கறுப்பு வெள்ளைப் படங்கள் போட்டார்கள். மழை, கொலை, தொப்பி போட்ட துப்பறிவாளர், நடுவில் ஒரு குடிகாரரின் பகிடி. நாயகர்களில் எனக்கு அக்கறை இல்லை. படத்துக்குப் படம் திரும்பி வருகிற சின்ன நடிகர்களைத்தான் பின்தொடர்ந்தேன். ‘மணியடித்தால் வரும் ஹோட்டல்காரர்’, ‘பிந்தி வரும் பொலிஸ்’, ‘முதலில் சாகிறவர்’ என்று கொப்பியில் அவர்களுக்குப் பெயரும் வைத்திருந்தேன். (செய்தி எழுத வழியில்லாதவன் எதையாவது எழுதுவான்.)

‘முதலில் சாகிறவர்’ மெல்லிய மீசைக்காரர். பதினொரு படங்களில் பத்தாவது நிமிடத்தைத் தாண்டாதவர். அன்றைய பத்திரிகையில், நடிகர் பட்டியலில் அவர் பெயர் இரண்டாவதாக இருந்தது. அப்படியானால் இம்முறை சாகமாட்டார். இதைப் பதிந்து வைக்காவிட்டால் உலகத்துக்கு நட்டம் என்று எனக்குத் தோன்றியது.

வீட்டில் யாரும் இல்லை. கேசட்டை உள்ளே தள்ளினேன். பதிய மறுத்து மெஷின் அதைத் துப்பியது. பின்விளிம்பில் உள்ள பிளாஸ்டிக் நாக்கை யாரோ உடைத்திருந்தார்கள். அதை உடைத்துவிட்டால் மேலே எதுவும் பதிய முடியாது. அந்த ஓட்டையில் செலோடேப் ஒட்டினால் மெஷின் ஏமாந்துவிடும் என்பது லண்டனில் நான் கற்ற முதல் தொழில்நுட்பம். ஒட்டினேன். மேல் மூலையில் ஒரு சுருக்கம்கூட விழவில்லை.

படம் முடிந்ததும் நிறுத்திவிட்டு, கேசட்டை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வேலைக்குப் போனேன். மறுநாள் அது அங்கே இல்லை. அந்த வாரம் முழுக்க ஓவர்டைம். தேடவில்லை.

சனிக்கிழமை, குணம் அண்ணையின் தாயாருக்கு அந்தியேட்டி, முப்பத்தோராம் நாள் கிரியை. அவர் ஊரில் காலமானபோது அண்ணையால் போக முடியவில்லை. அகதி விண்ணப்பம் குரோய்டன் குடிவரவு அலுவலகத்தில் கிடந்தது. போனால் திரும்பி வர விடமாட்டார்கள். ஆறு வருடமாகத் தாயின் முகத்தைக் காணாத மனிதர், செத்தவீட்டுக்கும் போகாமல், பெற்றோல் நிலையத்தில் கல்லாவில் நின்றார்.

சாப்பாடு முடிந்தது. அண்ணையின் மனைவி மலர் அக்கா சுவாமித் தட்டிலிருந்து ஒரு கேசட்டை இரண்டு கையாலும் எடுத்து வந்தார்.

“அம்மாவின்ரை செத்தவீட்டு வீடியோ. செவ்வாய் காலமைதான் கொழும்பிலையிருந்து ஒராள் கொண்டந்து தந்தவர். இண்டைக்கு எல்லாரும் சேந்து பாக்கவெண்டு வைச்சனாங்கள். செக்பொயின்றிலை கேள்வி கேப்பாங்களெண்டு தமிழ்ப் படம் எண்டு எழுதி விட்டிருக்கினம்.”

என் வாயில் பாதி வடை இருந்தது. அப்போதே சொல்லியிருக்கலாம். நான் வடையை மென்றேன்.

பதினைந்து பேர் தரையிலும் சோபாவிலும் இருந்தார்கள். அண்ணை மட்டும் முன்னால், சப்பாணி கட்டி. திரையில் வாழை கட்டிய வாசல் படலை வந்தது. பறை கேட்டது. கமெரா முற்றத்தைத் தாண்டி, ஒப்பாரி சொல்லும் பெண்களைத் தாண்டி, விறாந்தையில் ஏறியது. சவப்பெட்டியின் கால்மாட்டுப் பக்கம் தெரிந்தது. மாலைகள் தெரிந்தன. அண்ணை முழங்காலில் எழுந்தார்.

அமெரிக்க நகரமொன்றில் மழை கொட்டியது. வாத்திய இசையோடு எழுத்துகள் ஓடின.

(கொண்டு வந்தவர் கொழும்பில் ஐந்து நிமிடம் போட்டுப் பார்த்துவிட்டு, திருப்பிச் சுற்றாமல் அப்படியே கொடுத்திருந்தார். நான் அந்த இடத்திலிருந்து பதிந்திருந்தேன்.)

“இதென்ன?” என்றார் மலர் அக்கா. “முன்னுக்கு ஓட்டிப் பாருங்கோவன்.”

“ஓட்டாதேங்கோ,” என்றார் அண்ணை. “இடையிலை அம்மா வந்தாலும் வருவா.”

ஆகவே பதினைந்து பேரும் பார்த்தோம். மாளிகையில் பணக்காரர் கொல்லப்பட்டார். ‘மணியடித்தால் வரும் ஹோட்டல்காரர்’ இதில் சமையற்காரராக வந்தார். இருபது நிமிடம் கழித்து அறையில் அழுகை நின்றது. அண்ணையின் மாமா, யாழ்ப்பாண நீதிமன்றத்தில் முப்பது வருடம் கிளாக்கராக இருந்த சின்னத்துரை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

“உந்த மீசைக்காரன்தான் செய்தவன்.”

“பேசாமல் இருங்கோ மாமா, இது செத்தவீடு,” என்றார் மலர் அக்கா.

“செத்தவீடுதான். அதுதான் ஆர் செய்ததெண்டு பாக்கிறன்.”

குடிகாரர் சூப்புக் கோப்பைக்குள் முகம் குப்புற விழுந்தார். அண்ணை சிரித்தார். ஒரு மாதத்தில் முதல் சிரிப்பு. உடனே வாயைக் கையால் பொத்திக்கொண்டார். பிறகு நெடுநேரம் கையை எடுக்கவில்லை.

கடைசியில் துப்பறிவாளர் எல்லோரையும் ஒரு கூடத்தில் இருத்தி, ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கொலை செய்தது மீசைக்காரர்தான். பிறகு லண்டன் வானிலையைச் சொல்லும் அறிவிப்பாளரின் குரல் எட்டு வினாடி. அதன்பின் ஒழுங்கையில் வெள்ளை வேட்டிகளின் முதுகுகள். பாடை ஏற்கெனவே வளைவில் திரும்பிவிட்டிருந்தது. ஒரு நாய் பின்னால் போயிற்று. நான்கு நிமிடத்தில் திரை நீலமானது.

மாமா கேசட்டை வெளியே எடுத்துத் திருப்பினார். “நாக்கை உடைச்சிருக்கு. மேலாலை செலோரேப் ஒட்டியிருக்கு. உது தானா நடந்த வேலையில்லை.”

“கொழும்பிலை ஆரும் ஒட்டியிருப்பினம்,” என்றேன். அந்த வாக்கியத்தை இன்று நினைத்தாலும் காது சுடுகிறது.

“கொழும்பிலை ஆரடா தம்பி லண்டன் மழையைப் பற்றிச் சொன்னது? செவ்வாய்க்கிழமை மத்தியானம் இந்த வீட்டிலை ஆர் நிண்டது?”

மலர் அக்கா தொலைக்காட்சிக்குக் கீழேயிருந்து என் கொப்பியை இழுத்து, பக்கத்தைப் புரட்டி வாசித்தார். “செவ்வாய், 2.08. ‘தமிழ்ப் படம்’ கேசட்டில் பதிந்தது. முதலில் சாகிறவர் இம்முறை கொலைகாரர். மிகையில்லாமல் செய்திருக்கிறார்.”

“நான் சொன்னனான், மீசைக்காரனெண்டு,” என்றார் மாமா, என்னைப் பார்த்து. எனக்கும் அப்போது மெல்லிய மீசைதான்.

குணம் அண்ணை திரும்பினார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் சுலபமாக இருந்திருக்கும்.

“பதிய முன்னம் நீ போட்டுப் பாத்தனியோ? அம்மாவின்ரை முகம் எப்பிடி இருந்தது?”

“பாக்கேல்லை அண்ணை.”

“ஓம்,” என்றார். “போய் வெளிக்கிடு, உனக்கு ஷிப்டுக்கு நேரமாகுது.”

இன்னொரு பிரதி கேட்டு ஊருக்கு எழுதினோம். இரண்டு மாதம் கழித்துப் பதில் வந்தது. மூலக் கேசட்டில் வீடியோக்காரர் ஒரு கல்யாணத்தைப் பதிந்துவிட்டாராம்.

அண்ணை என்னை அறையைவிட்டுப் போகச் சொல்லவில்லை. நானாகப் போகவும் துணிவு வரவில்லை. மேலும் நான்கு வருடம் அங்கேயே இருந்தேன். அந்த வீட்டில் சாவி தொலைந்தாலும், பஸ் பிந்தினாலும், குரோய்டனிலிருந்து கடிதம் வராவிட்டாலும், “இடையிலை வந்தாலும் வரும்” என்பார்கள். சொல்லிவிட்டு என்னைப் பார்ப்பார்கள். லண்டனில் பிறந்த அண்ணையின் பிள்ளைகள் அந்தப் படத்துக்கு ‘அப்பம்மான்ர பிலிம்’ என்று பெயர் வைத்தார்கள். வசனங்கள் அவர்களுக்குப் பாடம். சூப்புக் காட்சியை என் கல்யாண வீட்டிலேயே நடித்துக் காட்டினார்கள்.

ஒவ்வொரு வருடமும் தாயாரின் திவசத்தன்று அண்ணை அந்தக் கேசட்டைப் போடுவார். என்னையும் கூப்பிடுவார். யாரையும் ஓட்டிவிட அவர் விடுவதில்லை. முதலில் ஐந்து நிமிடம், பிறகு எழுபது நிமிடம், பிறகு நான்கு நிமிடம்.