கிளம்பிய பஸ்

பஸ் நிலையத்தின் அறிவிப்புப் பலகை மறுபடியும் இருண்டபோது, அதற்கு நிரல் எழுதியவர் தலையில் கை வைத்துக்கொள்ளவில்லை. அதற்கும் தெம்பு வேண்டுமே.

கீழே பெஞ்சில் இரண்டு பெட்டிகளோடு அவர் மனைவி காத்திருந்தாள். நாலு மணி பஸ்ஸில் அவளுடைய அக்கா வீட்டுக்குப் பயணம். ஒவ்வொரு முறையும் இவருடைய வேலையால் தள்ளிப்போன பயணம். இன்று வழியிலேயே நிலைய மேலாளர் பிடித்துக்கொண்டார். கொஞ்ச நேர வேலைதான் என்று சொல்லிவிட்டு இவர் மாடியேறினார். மதியச் சாப்பாடு அதோடு போயிற்று.

கோளாறு என்னவோ சின்னதுதான். பஸ் கிளம்பியதும் சி பிளஸ் பிளஸ் மொழியில் எழுதிய அடித்தள நிரல் அந்தப் பஸ்ஸை நினைவகத்திலிருந்து அழித்துவிடும். அதன் மேலே ஓடி, பலகையில் வரிகளைக் காட்டும் ஸ்கிரிப்ட் என்ற சின்ன நிரலுக்கு அது தெரியாது. பஸ் இருந்த இடத்தின் முகவரியான பழைய பாயிண்டரைக் கையில் வைத்துக்கொண்டு, காலி செய்துவிட்டுப் போனவர் வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருக்கும். பலகை செத்துப்போகும்.

அழிக்கும் பொறுப்பை ஸ்கிரிப்டிடமே கொடுத்துப் பார்த்தார். அது சாவகாசமாக, தோன்றியபோது குப்பை அள்ளும் ரகம். கிளம்பிய பஸ்களெல்லாம் பலகையில் அப்படியே நின்றன. மேலாளர் மூச்சு வாங்க மேலே வந்தார்.

"போன பஸ்ஸுக்கு ஜனங்க வரிசையில நிக்கிறாங்க சார்."

சரி, இரண்டு பேருமே அழிக்கட்டும் என்று மாற்றினார். ஒரே பஸ் இரண்டு தடவை அழிந்தது. ஒரு பலகை இருண்டது போய், நிலையத்தின் எல்லாப் பலகைகளும் இருண்டன. மேலாளர் இந்த முறை நாற்காலியை இழுத்துப் போட்டு எதிரிலேயே உட்கார்ந்துவிட்டார்.

கடைசியில் பாயிண்டரையே பிடுங்கிக்கொண்டு, ஸ்கிரிப்டுக்கு ஒவ்வொரு பஸ்ஸுக்கும் வெறும் எண்ணை மட்டும் கொடுத்தார். ஒவ்வொரு தடவையும் அந்த எண்ணைச் சொல்லி, பஸ் இருக்கிறதா என்று அடித்தளத்தைக் கேட்டுவிட்டுத்தான் தொட வேண்டும்.

ஒரு பஸ் கிளம்பியதாகத் தகவல் வந்தது. பலகையில் அந்த ஒரு வரி மட்டும் சுத்தமாக மறைந்தது. எதுவும் இருளவில்லை. மேலாளர் எழுந்து கைகொடுத்தார். கையைக் குலுக்கிக்கொண்டிருக்கும்போதுதான், மறைந்தது நாலு மணி பஸ் என்பது இவருக்கு உறைத்தது.

படியிறங்கி வந்தபோது மனைவி பலகையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வேலை முடிஞ்சுதா?"

"முடிஞ்சுது."

"பஸ்ஸும் போயிடுச்சு."

அவள் கோபப்பட்டிருந்தால் தேவலை. பெட்டியை நகர்த்தி இவருக்கு இடம் விட்டாள். உட்கார்ந்தார். அக்காவுக்குப் போன் செய்து யார் சொல்வது என்று இருவருமே யோசித்தார்கள்.

பெஞ்சின் மறுகோடியில் காக்கிச் சட்டைக்காரர் ஒருவர் டீயை ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தார். எந்தப் பஸ்ஸை விட்டுவிட்டீர்கள் என்று விசாரித்தார். இவர் சொன்னார்.

"அதுவா? பின்னாலதான் நிக்குது, போய் ஏறுங்க. லேட்டுன்னு மேலிடத்துல திட்டுறாங்கன்னு, நாங்க டிரைவருங்க எல்லாருமே 'கிளம்பியாச்சு' பட்டனை அழுத்திட்டுத்தான் டீ குடிக்கவே வருவோம்."