மயிலாப்பூருக்கு வந்த கல்யாணத் தண்ணீர்

கவலைப்படுகிறவன் எதையும் வெளியே வைக்கமாட்டான். கோயிலுக்குள்ளும் செருப்பைப் பையில் போட்டு எடுத்துப்போகிற ரகம் நான் (சுவாமி மன்னிக்கட்டும்).

ஓய்வு பெற்ற பிறகும் சும்மா இராமல், தேனாம்பேட்டையில் ஒரு சின்ன கம்பெனிக்குத் தண்ணீர் லாரி பதிவு செய்யும் செயலி எழுதினேன். சோதனைக்காக, யார் பதிவு செய்தாலும் மயிலாப்பூரில் என் வீட்டு முகவரியே டிரைவருக்குப் போகும்படி நிரலுக்குள் எழுதிவைத்தேன். கூட வேலை பார்த்த கவிதா தலையில் அடித்துக்கொண்டாள்.

“மாறுற விஷயத்த புரோகிராம் கோடுக்குள்ள வைக்காதீங்க சார். வெளில, செட்டிங்ஸ் மட்டும் இருக்கிற கான்ஃபிக் ஃபைல்ல வைங்க. டெஸ்ட்டுக்கு ஒண்ணு, லைவுக்கு ஒண்ணு. கோடு அதே கோடுதான்.”

“வெளில வெச்சா எவனாவது மாத்திடுவாம்மா.”

“மாத்தத்தான் சார் வெளில வைக்கிறதே!”

நான் கேட்கவில்லை. நிரல் கண்டெய்னர் என்ற மூடிய பெட்டிக்குள் போய்விடும். அதன் பிரதிகள் மூன்று ஓடும். அவற்றை மேய்க்கும் மென்பொருள் ஒரு கண்டிப்பான மேஸ்திரி. ஒன்று விழுந்தால் அச்சு அசலாக இன்னொன்றை எழுப்பிவிடும். இதைவிடப் பத்திரமான இடம் உண்டா?

செயலி வெளிவந்த மறுநாள்தான் தி. நகரில் மைத்துனன் மகளுக்குக் கல்யாணம். மண்டபத்து போர்வெல் முதல் நாளே வற்றிவிட்டது. “தண்ணி என் பொறுப்பு” என்று மார்தட்டி, என் செயலியிலேயே லாரிக்குப் பதிவு செய்தேன். எல்லாவற்றையும் இரண்டு முறை சரிபார்த்தவன், சோதனை முகவரியை எடுக்க மறந்தேன்.

கல்யாணத்தன்று காலையில் வாசலில் ஹாரன். எட்டிப் பார்த்தால் தெரு நெடுக லாரி. முன்னால் நின்ற டிரைவர் இறங்கினார்.

“இன்னா பெருசு, கடலயா ரொப்பப் போற? அல்லா வண்டிக்கும் உன் வூட்டு அட்ரஸ்தான் வந்துகீது!”

போனில் மைத்துனன்: “அத்திம்பேர், அண்டால ஒரு சொட்டு ஜலம் இல்லை. சம்பந்தி காபி கேக்கறா. மாப்பிள்ளை பிரஷ்ஷ வாயில வெச்சுண்டு நிக்கறார்!”

மடிக்கணினியைத் திறந்து ஒரு பிரதியை நிறுத்தினேன். மேஸ்திரி அதே முகவரியோடு இன்னொன்றை எழுப்பியது. மூன்றையும் நிறுத்தினேன். மூன்றும் எழுந்தன. அதற்குள் ஒன்பதாவது லாரி தெருமுனையில் திரும்பிக்கொண்டிருந்தது. கவிதாவைக் கூப்பிட்டேன்.

“வெளில வெச்சிருந்தா ஒரு வரி மாத்தினா போதும் சார். இப்ப பெட்டியையே திரும்பக் கட்டணும். நேரமாகும்” என்றாள். கட்டவும் ஆரம்பித்தாள், பாவம்.

என் மனைவி காத்திருக்கவில்லை. பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதல் லாரியில் ஏறினாள். “வண்டியைத் திருப்புப்பா. தி. நகர். நான் வழி சொல்றேன்.” (என்னைக் கூப்பிடவில்லை.)

டிபன் பந்தி தாமதமானது. தாலி நல்ல நேரத்திலேயே ஏறியது. அன்றைக்கப்புறம் அடிக்கடி நினைப்பேன். எனக்குள்ளும் இப்படிக் கெட்டியாய் எழுதிவைத்த பயங்கள் பல உண்டு. நிறுத்தினாலும் அதே மாதிரி எழுந்துகொள்கின்றன. பெட்டியைத் திரும்பக் கட்டுகிற வயதா இது?

கல்யாண ஆல்பத்தில் முதல் படம் மணப்பெண் அல்ல. பட்டுப்புடவையில் தண்ணீர் லாரியிலிருந்து இறங்கும் என் மனைவி. பார்ப்பவர்கள் எல்லாரும் “மாமா எங்கே?” என்று கேட்கிறார்கள்.

மணப்பெண் அலுக்காமல் பதில் சொல்கிறாள்: “மாமாவா? ஆத்து வாசல்ல லாரி எண்ணிண்டிருந்தார்.”