கனகசபை அண்ணையின் கண் வைத்தியமும் என் பதினொரு ரிவோல்வர்களும்

மனைவியிடம் நீண்டகாலம் பொய் சொல்ல நினைக்கும் ஆணுக்கு ஒரு நோயாளி வேண்டும். நோய் தனக்கே என்று சொன்னால் அகப்பட்டுவிடுவான்; மனைவியும் வைத்தியரிடம் கூடவே வருவாள். ஆகவே நோய் இன்னொருவருக்கு இருக்க வேண்டும். என் நோயாளி கனகசபை அண்ணை. என் மனைவி பரமேசின் அக்காவைக் கட்டியவர், அதாவது என் சகலன். ஸ்காபரோவில் டோர்செட் பார்க் பக்கம் பதினான்காம் மாடியில் குடியிருந்தார். எட்டு வருடங்களாக அவரைக் கண் வைத்தியரிடம் கூட்டிக்கொண்டு திரிந்தேன். அவர் கண்ணில் ஒரு குறையும் இருக்கவில்லை.

(எனக்கு எழுபத்தாறு வயதாகிறது. பெரிய பொய்களைச் சுமக்க இனித் தென்பில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.)

நாங்கள் உண்மையில் போனது ரிவோல்வர் வாங்க. பயப்பட வேண்டாம், எல்லாம் சட்டப்படிதான். பரீட்சை எழுதி, உரிமம் எடுத்து, சேகரிப்பாளர் என்று பதிந்து, ஒவ்வொன்றுக்கும் பூட்டுப் போட்டு, அவற்றை இரும்புப் பெட்டிக்குள் வைத்து அதையும் பூட்டி வைத்திருக்கிறேன். இதுவரை ஒரு வெடிகூட வைத்ததில்லை. வைத்தால் அதன் மதிப்புப் போய்விடும் என்பேன். உண்மை என்னவென்றால், எனக்கு வெடிச் சத்தம் ஆகாது.

பிறகு ஏன் இந்தப் பைத்தியம் என்று கேட்பீர்கள். ஊரில் கணக்கு ஆசிரியராக இருந்தவன் நான். கனடா வந்து இருபத்திரண்டு வருடம் ஓர் உலோகத் தொழிற்சாலையில் உதிரிப்பாகங்களை அளந்தேன். அரை மில்லிமீற்றர் கூடினால் ஒரு பெட்டி, குறைந்தால் இன்னொரு பெட்டி. ஓய்வு பெற்ற பின் ஒரு வெள்ளைக்கார நண்பர் சொல்லித்தான் இது தெரிந்தது. இந்த நாட்டுச் சட்டத்தில் கைத்துப்பாக்கியின் குழல் நூற்றைந்து மில்லிமீற்றருக்கு மேலே இருக்க வேண்டும். உலகம் முழுவதும் விற்கும் நாலு அங்குலக் குழலோ அதற்கு மூன்றரை மில்லிமீற்றர் குறைவு. ஆகவே இங்குள்ள மொத்த விநியோகஸ்தர்கள் தொழிற்சாலையிடம் சொல்லி, குழலைச் சற்றே நீட்டி, தங்களுக்கென்று முந்நூறு, நானூறு மட்டும் செய்விப்பார்கள். ஒருவர் குண்டு போடும் உருளையின் பள்ளங்களை நீக்கி மொழுமொழுவென்று கேட்பார், இன்னொருவர் பிடிக்கு வேறு மரம் கேட்பார். அந்தக் கட்டளை முடிந்தால் அதே மாதிரி திரும்ப வராது. சேகரிப்பவர்கள் தேடித் திரிவது அதைத்தான். ஒரு தேசத்தின் சட்டத்துக்காக நாலரை மில்லிமீற்றர் வளர்ந்த ஆயுதம்! வாழ்நாள் முழுவதும் மில்லிமீற்றரோடு மாரடித்தவனுக்கு அது காதலாகிவிட்டது.

உரிமப் படிவத்தில் வாழ்க்கைத் துணையிடமும் கையெழுத்துக் கேட்பார்கள். பரமேஸ் பேனாவை வாங்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"துவக்குக்குப் பயந்துதானே கடல் தாண்டி ஓடி வந்தனாங்கள். இஞ்சை வந்து நீங்கள் அதை வாங்கி வைக்கப் போறியளோ?"

"இது பழம்பொருள் மாதிரி, பரமேஸ். முத்திரை சேக்கிற மாதிரி."

"முத்திரை ஆரையும் சுடாது." கடைசியில் கையெழுத்து வைத்தாள். "ஒண்டு. ஒண்டே ஒண்டுதான். சத்தியமாச் சொல்லுங்கோ."

சொன்னேன்.

இரண்டாவதை வாங்க ஒறில்லியாவுக்குப் போக வேண்டியிருந்தபோதுதான் கனகசபை அண்ணைக்குக் கண் தெரியாமல் போகத் தொடங்கியது. அக்காவும் தங்கையும் நாளுக்கு மூன்று தரம் தொலைபேசியில் கதைப்பவர்கள். அதற்கும் வழி வைத்திருந்தேன். "உம்மட அக்கா கவலைப்படுவா எண்டு அண்ணை அவவுக்குச் சொல்லேல்லை. நீரும் மூச்சு விடாதையும்" என்றேன். பரமேஸ் மூச்சு விடவில்லை. சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிறவள் அவள். அதற்குப் பதிலாக, கண்ணுக்கு நல்லது என்று ஒவ்வொரு பயணத்துக்கும் ஒரு டப்பா பொன்னாங்காணி வறை செய்து தந்துவிட்டாள்.

அண்ணைக்குப் பொன்னாங்காணி கண்ணிலும் காட்டக் கூடாது. ஆனாலும் எறியமாட்டார். நெடுஞ்சாலையோரம் காரை நிறுத்தச் சொல்லி, மருந்துபோல் விழுங்குவார்.

"உமக்குத் துவக்கு, எனக்குக் கீரை. இதென்ன நியாயம் தம்பி?"

"இதுதான் கடைசி, அண்ணை."

"உதைத்தான் ஏழாவதுக்கும் சொன்னனீர்."

பதினொன்று சேர்ந்தன. ஒரே ஒரு ரிவோல்வரும் வீட்டு உறுதிப்பத்திரமும் மட்டுமே அந்தப் பெட்டிக்குள் இருப்பதாக நம்பி, வெள்ளிக்கிழமைகளில் பரமேஸ் அதன் மேலே தூசி தட்டினாள்.

பிறகு அண்ணைக்கு மெய்யாகவே இருதயத்தில் வருத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் நான் தனியே இருந்தபோது என் கையைப் பிடித்தார்.

"தம்பி, நான் போகப்போறன். அதுக்கு முதல் என்ர கண்ணைச் சுகப்படுத்தும்."

"அண்ணை?"

"பரமேசுக்கு உண்மையைச் சொல்லும். நேற்றும் கீரை கொண்டுவந்து தீத்தினவள். பாவம் ஐசே, கண்கலங்கித் தீத்தினவள். என்னாலை ஏலாது."

சொல்கிறேன் என்று வாக்குக் கொடுத்தேன். ஒன்பது நாட்களில் அவர் இறந்துபோனார். நான் சொல்லியிருக்கவில்லை.

அது கைத்துப்பாக்கி விற்பனைக்குத் தடை இன்று வரும், நாளை வரும் என்றிருந்த சமயம். உருளை மொழுமொழுவென்றிருக்கும் வகையில் எனக்கு ஒன்று குறைந்திருந்தது. பீற்றர்பரோவில் ஒருவர் விற்கச் சம்மதித்து, பதிவு அலுவலகத்தில் தன் பங்கைச் சொல்லி முடித்துவிட்டார். வாங்குபவன் அழைத்து உறுதி செய்வதுதான் பாக்கி. நாடு முழுவதும் என்னைப் போன்ற பைத்தியங்கள் அழைத்துக்கொண்டிருந்ததால் வரிசை நீண்டுவிட்டது. செத்தவீட்டன்று காலை ஏழரைக்கே அழைத்து, ஃபோனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டுச் சவரம் செய்தேன். காத்திருப்போருக்கான சக்ஸபோன் இசை ஓடியது. வெட்டினால் இடம் போய்விடும். எனக்குக் காது மந்தம்; ஆகவே அதற்குப் போடும் காதுக்கருவியோடு ஃபோனை இணைத்து, சட்டைப்பையில் வைத்து, வேட்டியைக் கட்டிக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன்.

முன்வரிசையில் அமர்ந்து தலையாட்டிக்கொண்டிருந்தேன். தேவாரத்தில் உருகுகிறேன் என்று சனம் நினைத்திருக்கும். என் வலது காதில் சக்ஸபோன்.

பதினொரு மணிக்கு அஞ்சலி உரைக்கு என்னை அழைத்தார்கள். கையில் மைக்கைத் தந்தார்கள். "கனகசபை அண்ணை பொய் தெரியாத மனிதர்" என்று தொடங்கினேன். (ஆம், அப்படித்தான் தொடங்கினேன்.) அந்த நேரம் பார்த்துக் காதுக்கருவி இரண்டு முறை கீச்சிட்டுச் செத்தது. நான் பொருட்படுத்தவில்லை. ஆனால் கருவி செத்ததும் ஃபோன் காலையில் பழகிய ஸ்பீக்கருக்குத் திரும்பிவிட்டது. மைக்கோ சட்டைப்பைக்கு நேரே. மண்டபம் முழுவதும் சக்ஸபோன் கேட்டிருக்கிறது, எனக்கு மட்டும் கேட்கவில்லை. முகங்கள் மாறுவதைக் கண்டேன். சிலர் வாயைப் பொத்தினார்கள். என் பேச்சு நெஞ்சைத் தொடுகிறது என்று எண்ணிக் குரலை இன்னும் உருக்கினேன்.

அண்ணையின் மகள் நிலானி மேடைக்கு ஓடிவந்து என் காதுக்குள் கத்தினாள். "சித்தப்பா! யுவர் ஃபோன்! மியூசிக் போகுது!"

பதறி எடுத்துக் காதோடு வைத்துப் பார்த்தேன். வெட்டுவதற்குச் சிவப்புப் பொத்தானில் விரலையும் வைத்துவிட்டேன். அந்தக் கணத்தில் இசை நின்று ஒரு பெண், காத்திருந்ததற்கு நன்றி என்றாள்.

மூன்றரை மணித்தியாலம் காத்திருந்திருக்கிறேன். எதிரே பெட்டிக்குள் என் அண்ணை. விரலை அழுத்தினால் போதும். நான் அழுத்தவில்லை. இந்தக் கட்டுரையில் நான் ஒப்புக்கொள்ள வேண்டியது இது ஒன்றுதான். மற்றதெல்லாம் விபத்து.

மலர்வளையங்கள் பக்கம் திரும்பி, ஃபோனை உச்சச் சத்தத்தில் காதோடு ஒட்டிக்கொண்டேன். மற்றக் கையில் மைக் இருந்தது. அதை மறந்துபோனேன்.

உரிம இலக்கம் கேட்டாள், சொன்னேன். மாதிரி இலக்கம் கேட்டாள், சொன்னேன். குழலின் நீளம்?

"நூற்றாறு மில்லிமீற்றர்!" என்றேன் ஆங்கிலத்தில், செவிடனின் குரலில், கொஞ்சம் பெருமையோடும்.

"உங்கள் பெயரில் ஏற்கெனவே பதினொரு கைத்துப்பாக்கிகள் பதிவில் உள்ளன. சரிதானே?"

"சரி அம்மா. பதினொன்று. இது பன்னிரண்டாவது."

மண்டபத்தின் கூரையில் பன்னிரண்டு எதிரொலித்ததாகப் பின்னர் சொன்னார்கள். கடைசி வரிசையில் ஒரு முதியவர் பக்கத்திலிருந்தவரைக் கேட்டாராம்: "ஆர் சுட்டதாம்? ஹார்ட் அற்றாக் எண்டல்லோ சொன்னவை!"

திரும்பியபோது பரமேஸ் எழுந்து வந்துகொண்டிருந்தாள். திட்டுவாள் என்று நினைத்தேன். பக்கத்தில் வந்து, எனக்கு விளங்கும்படி வாயை மெதுவாக அசைத்துச் சொன்னாள்.

"முடிச்சிட்டு வாங்கோ."

அப்போதுதான் என் விரல் சிவப்புப் பொத்தானை அழுத்தியது. பன்னிரண்டாவது போயிற்று, சில நாட்களில் தடையும் வந்துவிட்டது. அவள் என் கையிலிருந்த மைக்கை வாங்கி, "மன்னிச்சுக்கொள்ளுங்கோ. ஐயா, நீங்கள் தேவாரத்தைப் பாடுங்கோ" என்றாள். பிறகு தன் அக்காவின் அருகில் போய் அமர்ந்து ஏதோ கேட்டாள். நிலானிதான் பிற்பாடு எனக்குச் சொன்னாள்.

"அக்கா, அத்தானுக்குக் கண் எப்பயிருந்து சுகமில்லை?"

"கண்ணோ? அந்த மனிசன் கண்ணாடி கூடப் போடேல்லையடி."

பிக்கரிங்கில் எங்கள் வீட்டுக்குக் காரில் திரும்பும்போது காதுக்கருவிக்குப் புதுப் பற்றரி போட்டிருந்தேன். எல்லாம் தெளிவாகக் கேட்டது. அவள் கைப்பையைத் திறந்து மூடும் சத்தம்கூட. வாசலில் இறங்கும்போது, "அந்தக் கீரை எல்லாம் ஆர் சாப்பிட்டது?" என்றாள்.

"அண்ணைதான். முழுக்க."

அப்போதுதான் அழுதாள்.

அந்தப் பதினொன்றும் இன்னும் பெட்டிக்குள் கிடக்கின்றன. தடைக்குப் பிறகு அவற்றை ஆசைப்பட்ட இன்னொருவருக்கு விற்கவோ பிள்ளைகளுக்குக் கொடுக்கவோ வழியில்லை. பெட்டி இருக்கும் பேஸ்மென்ற்றுக்குப் பரமேஸ் இறங்குவதில்லை. நான் சொல்வது எதையும் நம்புவதுமில்லை. பனி கொட்டுகிறது என்றால் ஜன்னலில் போய்ப் பார்த்துவிட்டு வருகிறாள். எங்கள் குடும்பத்தில் யாராவது சொல்லாமல் வெளியே போனால், "என்ன, கண் டொக்டரிட்டையோ?" என்றுதான் இப்போது கேட்கிறார்கள். கனடாவில் பிறந்த பிள்ளைகளும் அதை நல்ல தமிழில் கேட்கிறார்கள்.

போன வருடம் எனக்கு மெய்யாகவே கண்ணில் புரை வந்தது. யாரும் நம்பவில்லை. பரமேஸ் வைத்தியரிடம் தானே வந்து, அவர் காட்டிய படத்தை இரண்டு தரம் பார்த்துத்தான் ஒப்புக்கொண்டாள். ஒப்பரேசன் முடிந்ததும் ஒரு தீர்ப்புச் சொன்னாள்.

"பதினொண்டு தரம் மெய்யாக் கண் டொக்டரிட்டைப் போவம். நானும் வருவன். அதுக்குப் பிறகு நீங்கள் சொல்லுறதை ஜன்னலைப் பாக்காமல் நம்புறன்."

அன்றிலிருந்து என் தட்டில் பொன்னாங்காணி. எறியாமல் சாப்பிடுகிறேன்.

போன கிழமை நான்காவது முறை. வைத்தியர் கண்ணுக்குள் வெளிச்சம் அடித்துப் பார்த்துவிட்டு, அருமையாக ஆறிவிட்டது, இனி நீங்கள் வரத் தேவையில்லை என்றார். பரமேஸ் பக்கத்துக் கதிரையில் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டு இருந்தாள். இன்னும் ஏழு தரம் பாக்கி.

"இடைக்கிடை கொஞ்சம் அரிக்கிறது, டொக்டர்" என்றேன்.

அவர் மறுபடி பார்த்தார். ஒன்றையும் காணாமல், எதற்கும் அடுத்த மாதம் வாருங்கள் என்று நாள் குறித்துத் தந்தார். காரில் ஏறியதும் பரமேஸ் அந்தத் துண்டைக் கைப்பைக்குள் வைத்தாள்.

"அரிக்குதோ?"

"ஓம்."

"அத்தானுக்கும் இப்பிடித்தான் அரிச்சது" என்றாள்.