பெண் கேட்கப் போன சாக்ஸ்

இருபத்தெட்டு வயது வரை எனக்குத் தெரிந்த சாக்ஸ் இரண்டே வகை. துவைத்தது, துவைக்காதது. இந்த அறிவை வைத்துக்கொண்டு ஒரு சாக்ஸ் வியாபாரியின் வீட்டுக்குப் பெண் கேட்கப் போனேன் என்பதை ஒப்புக்கொள்ள இப்போதும் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பெண்ணின் பெயர் ஜெயந்தி. திருவொற்றியூரில் நான் ஃபிட்டராக இருந்த தொழிற்சாலையில் அவளுக்கு ஆபீஸ் வேலை. இரண்டு வருடக் காதல். அவள் அப்பா தூத்துக்குடிப் பக்கத்திலிருந்து வந்து யானைக்கவுனியில் சாக்ஸ் மொத்த வியாபாரம் செய்பவர். கீழே கடை, மேலே வீடு. மாதக்கணக்கில் அழுது, சாப்பிடாமல் கிடந்து (அவள் சொன்னது, இளைத்த மாதிரி எனக்குத் தெரியவில்லை) "சரி, வரச் சொல்லு" என்று ஒருவழியாக அவரைச் சொல்ல வைத்திருந்தாள். இந்த ஒரு சந்திப்பில் அவருக்கு என்னைப் பிடிக்கவில்லை என்றால் கதை முடிந்தது.

முதல் நாள் போனில் ஒரே ஒரு புத்திமதி சொன்னாள்.

"அப்பா முதல்ல காலைத்தான் பாப்பாங்க. கம்பெனி ஷூவுக்குப் போடுற அந்த முரட்டு சாக்ஸ்ல வந்து நிக்காதீங்க. நல்லதா ஒண்ணு போட்டுட்டு வாங்க."

நல்லது என்றால் விலை கூடியது என்று புரிந்துகொண்டேன். வீட்டிலேயே விலை கூடிய சாக்ஸ் அப்பாவின் அலமாரியில் பெட்டி பிரிக்காமல் இருந்தது. தோல் நிறம், முழங்கால் வரை நீளம், விரல்கள் வரும் இடத்தில் மட்டும் துணியே இல்லை. காற்றோட்டத்துக்காக வெள்ளைக்காரன் யோசித்துச் செய்திருக்கிறான் என்று வியந்தேன். (அப்பா துறைமுகத்தில் முப்பது வருடம் நின்றுகொண்டே வேலை பார்த்தவர். அந்தப் பெட்டி ஏன் வீட்டுக்கு வந்தது என்று ஒருநாளாவது கேட்டிருக்கலாம்.) அதை மாட்ட ஒரு காலுக்குக் கால் மணி நேரம் ஆனது. அவ்வளவு இறுக்கம். உயர்ந்த சரக்கு அப்படித்தான் இருக்கும் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன்.

அப்பா, அம்மாவோடு போய் வாசலில் ஷூவைக் கழற்றினேன். பத்து விரல்களும் வெளியே எட்டிப் பார்த்தன. ஜெயந்தி சொன்னபடியே அவள் அப்பா காலைத்தான் முதலில் பார்த்தார். பார்த்துக்கொண்டே இருந்தார். நான் பெருமையாகக் காலை இன்னும் கொஞ்சம் நீட்டி உட்கார்ந்தேன். அவர் பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

"தம்பி, எத்தன வருசமா இருக்கு?"

காதலைக் கேட்கிறார். பொய் சொல்லக் கூடாது.

"ரெண்டு வருஷமா சார்."

"வீட்ல தெரியுமா?"

"அம்மாவுக்கு ஆரம்பத்துலயே தெரியும். அப்பாகிட்ட போன மாசம்தான் சொன்னேன்."

"எம்மவளுக்கு?"

இதென்ன கேள்வி! "அவங்களுக்குத்தான் சார் முதல்ல தெரியும்."

"தெரிஞ்சுமா சரின்னா?" அவருக்குக் கண் கலங்கிவிட்டது. "டாக்டர்ட்ட காட்டலியா?"

"இது டாக்டர்கிட்ட போற விஷயம் இல்ல சார். தானா வந்தது. நாளுக்கு நாள் ஜாஸ்திதான் ஆவுது."

அவர் விருட்டென்று எழுந்து என் அப்பாவைப் பார்த்தார்.

"சீக்க மறைச்சா பொண்ணு கேட்டு வந்திய? இது கால்நரம்பு சுருட்டிக்கிட்டவங்க போடுத சாக்ஸ்லா! முப்பது வருசமா விக்கேன், எனக்குத் தெரியாதா?"

அப்பா அப்போதுதான் குனிந்து என் காலைப் பார்த்தார்.

"டேய் கஸ்மாலம்! அது என்னுதுடா! இன்னிக்காவது போடலாம்னு காலைலேர்ந்து தேடிகினு கீறேன், நீ மாட்டிகினு வந்துகீறியா?"

ஜெயந்தியின் அப்பா நம்பவில்லை. "கழத்துங்க, பாப்போம்" என்றார்.

மாட்டுவதை விடக் கழற்றுவது கஷ்டம் என்பது அன்று தெரிந்தது. ஒரு காலை அம்மா இழுத்தாள், இன்னொன்றை நான். கல்யாணமே அந்த எலாஸ்டிக்கில் தொங்கிக்கொண்டிருந்தது.

"இப்படி இழுக்காதிய, சரக்கு கிழிஞ்சிரும்!" வியாபாரி மனசு பொறுக்காமல் அவரே தரையில் உட்கார்ந்து, என் காலை மடியில் வைத்து, மேலிருந்து பதமாகச் சுருட்டிக் கழற்றினார். என் கெண்டைக்காலை அழுத்திப் பார்த்தார். "சுத்தமாத்தான் இருக்கு" என்றார். கதவோரம் ஜெயந்தி துப்பட்டாவை வாயில் அடைத்துக்கொண்டு குலுங்கிக்கொண்டிருந்தாள்.

பிறகு அவர் என் அப்பாவிடம் திரும்பினார்.

"உங்களுக்கு ரொம்ப வலியோ?"

"சாய்ங்காலம் ஆனா உசிரு பூடும் நைனா. ஆனா இத்த மாட்றதுக்கு வலியே தேவலாம்னு உட்டுட்டேன்."

அவர் வேட்டியை முழங்கால் வரை தூக்கினார். உள்ளே அதே தோல்நிற சாக்ஸ்.

"கடையில நின்னு நின்னு எனக்கும் வந்துட்டு. காலைல கட்டில விட்டு எறங்கதுக்கு முன்னாடியே மாட்டிரணும். நான் சொல்லித் தாரேன்."

அப்பாவும் பேன்ட்டைச் சுருட்டினார். கயிறு கயிறாகப் புடைத்திருந்த அந்த நரம்புகளை நான் அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். வெட்கமாக இருந்தது. அவர்கள் இருவரும் எங்களை மறந்தே போனார்கள். காப்பி வருவதற்குள் ஒருவரை ஒருவர் 'சம்பந்தி' என்று கூப்பிட ஆரம்பித்திருந்தார்கள்.

கல்யாணத்துக்குப் பிறகு ஒவ்வொரு தீபாவளிக்கும் துணியோடு மாமனார் வீட்டிலிருந்து ஒரு சாக்ஸ் கட்டும் வந்துவிடும், துண்டுச் சீட்டோடு. 'கனமானது, கம்பெனி ஷூவுக்கு.' 'கணுக்கால் அளவு, நடைப்பயிற்சிக்கு.' 'கறுப்பு, விசேஷ வீட்டுக்கு.' கடைசிப் பெட்டியில் மட்டும் பெரிய எழுத்தில்: 'சம்பந்திக்கு. மாப்பிள்ளை தொட வேண்டாம்.'

கல்யாண நாளன்று அவர் தவறாமல் போன் செய்வார். வாழ்த்தெல்லாம் சொல்லமாட்டார்.

"மாப்ள, எத்தன வருசமா இருக்கு?"

"ஒம்பது வருஷமா மாமா."

"கொறையலியா?"

"இல்ல மாமா. நாளுக்கு நாள் ஜாஸ்திதான் ஆவுது."